கயிற்றை இழுக்கத் தயங்கிய நாட்கள்

ஜப்பானின் ஐச்சி மாகாணத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் சேர்ந்த புதிதில், அசெம்பிளி லைனுக்கு மேலே கைக்கெட்டும் உயரத்தில் ஓடிய கயிற்றைத் தொடவே தயங்குவேன். குறை தென்பட்டால் அதை இழுக்க வேண்டும். லைனின் நிலையை விளக்குகளால் காட்டும் ஆன்டன் பலகையில் மஞ்சள் விளக்கு எரியும், குழுத் தலைவர் வருவார், அதற்குள் சரியாகாவிட்டால் லைன் நின்றுவிடும். லைனை நிறுத்தியவன் விளக்கக் கடிதம் எழுத வேண்டிய இடத்தில் வேலை பழகியவன் நான். மரை சரியாக ஏறாத போல்ட் ஒன்றைக் கண்டும் ஒருமுறை பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்தக் கயிற்றின் பூர்வீகத்தை நகோயாவில் உள்ள டொயோட்டா தொழில் அருங்காட்சியகத்தில்தான் பார்த்தேன். தச்சர் மகனான சகிச்சி டொயோடா 1911இல் நெசவாலை அமைத்த இடம் அது. ஓடிக்கொண்டிருந்த தறியில் ஊழியர் ஒருவர் பாவு இழையொன்றை அறுத்தார். அந்த இழையில் தொங்கிய மெல்லிய தகடு விழுந்தது, தறி நின்றது. இழை அறுந்ததும் தறி தானே நின்றுவிடுவதால், ஒருவரே பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. 1924இல் நிறைவுற்ற இந்த ஜி வகைத் தறியின் உரிமைக்காக, 1929இல் இங்கிலாந்தின் நெசவு இயந்திர நிறுவனமான பிளாட் பிரதர்ஸ் 1,00,000 பவுண்டு தர ஒப்புக்கொண்டது. சகிச்சியின் தறி நிறுவனத்துக்குள் 1933இல் அவர் மகன் கீச்சிரோ தொடங்கிய மோட்டார் பிரிவு, 1937இல் டொயோட்டா மோட்டார் என்ற தனி நிறுவனமாயிற்று. தறியின் அந்தக் குணத்தைக் கார் லைனுக்குக் கொண்டுவந்த டொயோட்டா பொறியாளர் தாய்ச்சி ஓனோவும் நெசவாலையிலிருந்து வந்தவரே.

ஆனால் தகட்டுக்கு வேலை போய்விடும் என்ற பயமில்லை, மனிதனுக்கு உண்டு. 1950இல் கடன் நெருக்கடியில் ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமும் வந்தபோது, கீச்சிரோ பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதே மாதம் கொரியப் போர் மூண்டது. அமெரிக்க ராணுவத்தின் லாரி ஆர்டர்கள் நிறுவனத்தைக் காப்பாற்றின. அவரோ திரும்பி வராமலே 1952இல் காலமானார். அந்தக் காயத்துக்குப் பின் வேலை நிலைக்கும் என்ற உறுதி மெல்ல வேரூன்றியிராவிட்டால், அந்தக் கயிறு வெறும் அலங்காரமாகவே தொங்கியிருக்கும் என்பது என் எண்ணம்.

சில வாரங்களில் அதே போன்ற போல்ட் மீண்டும் வந்தது. இழுத்தேன். விரைந்து வந்த குழுத் தலைவர், அது எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தது என்று மட்டும் கேட்டார். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம். அதில் இன்னும் நான்கு கிடந்தன.