பெரிய வியாழனுக்கு முன்

ஏப்ரல் 2, 2025, புதன்

அம்மாவுக்கு ராத்திரி முழுக்க இருமல். ஞாயிறு திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் எடுக்கிற நற்கருணை.

ஏப்ரல் 5, சனி

திருவிருந்துக்கு முந்தின ஆயத்த ஆராதனைக்குப் பதினொரு பேர்தான். 1 கொரிந்தியர் 11 வாசித்தார்கள், அபாத்திரமாய்ப் புசிப்பதைப் பற்றிப் பவுல் எழுதியது. சின்ன வயதில் 'அபாத்திரமாய்' என்றால் பாத்திரம் இல்லாமல் போவது என்றே நினைத்திருந்தேன். திருவிருந்து எடுக்க ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில்தான், தகுதியில்லாமல் என்ற அர்த்தம் தெரிந்தது. அதற்கப்புறம் இத்தனை வருஷமும் அந்த வார்த்தை கேட்டாலே வயிறு கலங்கும். நான் பாத்திரவாளியா, நான் பாத்திரவாளியா என்று.

இன்று வேறு மாதிரிக் கேட்டது. பவுல் ஆளைச் சொல்லவில்லை, புசிக்கிற விதத்தைச் சொல்கிறார். கொரிந்துவில் வசதி இருக்கிறவன் முந்திக்கொண்டு சாப்பிட்டுக் குடித்து வெறித்திருக்கிறான், இல்லாதவன் பசியோடு பார்த்துக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் இருக்கிறவனை மறந்துவிட்டு ஆண்டவருடைய மேஜையில் உட்கார்ந்ததுதான் அங்கே நடந்த தப்பு. நானோ என் கோபம், என் பொய், விட்டுப்போன ஜெபம் என்று என்னையே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்தில் யார் என்று பார்க்கவே இல்லை.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். திருவிருந்து எடுக்க முன்னாலிருக்கும் கிராதிக்குப் போகவில்லை.

ஒருவருக்கொருவர் கைபிடித்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் முன் பெஞ்சிலிருந்து மதினி திரும்பினாள். நான் பக்கத்துப் பாட்டியின் கைகளையே பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 7, திங்கள்

ஒன்றும் இல்லை. அம்மா கஞ்சி குடித்தாள்.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் எங்கள் சபைப் போதகர் ஐயர் அம்மாவுக்கு நற்கருணை கொண்டுவந்தார். ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்தேன். என் பெயர் அம்மாவுக்கு இப்போது நிலைப்பதில்லை. ஆனால் பரமண்டல ஜெபத்தை ஐயருக்கு முன்னாலேயே சொல்லி முடித்துவிட்டாள். விழுங்கக் கஷ்டம் என்பதால் அப்பத்தில் ஒரு துண்டை ரசத்தில் தோய்த்து உதட்டில் வைத்தார். ரொம்ப நேரம் வாயை அசைத்துக்கொண்டே இருந்தாள்.

நைட்டியின் பொத்தான் பக்கத்தில் ஒரு துணிக்கை விழுந்து கிடந்தது. அரிசிக் குருணை அளவுகூட இல்லை, ஓரம் மட்டும் சிவப்பு. எடுக்கக் கை நீட்டிவிட்டேன். தொடக் கூசியது. மேஜையின் கீழ் விழும் துணிக்கைகளுக்கும் பாத்திரர் அல்ல என்று திருவிருந்து ஜெபத்தில் வருஷக்கணக்காக மனப்பாடமாய்ச் சொல்லியிருக்கிறேன். அது இதுதானா?

ஐயர் விரல் நுனியில் ஒற்றி எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அலசி அதையும் குடித்தார். "உங்களுக்கும் கொண்டுவந்திருக்கேனே" என்றார். பெரிய வியாழனுக்கு எடுக்கிறேன் ஐயா என்று சொல்லிவிட்டேன், ஆண்டவர் கடைசி இராப்போஜனம் கொடுத்த நாள்.

ஏழு நாள்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் பக்கம் பிள்ளைகள் ஓசன்னா பாடிக்கொண்டு போனார்கள். 1826-இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் கட்டிய கோயில். அதில்தான் அம்மா திடப்படுத்தல் எடுத்தாள், நானும் அண்ணனும் எடுத்தோம். நானும் அவனும் ஒரே நாளில். கிராதியில் முழங்கால் போட்டபோது அவன் முழங்கை என்மேல் இடித்தது.

ஏப்ரல் 15, செவ்வாய்

மத்தேயு 5:23. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வருகிறவனுக்குச் சொன்னது. "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" என்றுதான் இருக்கிறது. எனக்கு அண்ணன்மேல் இருக்கிற குறையை அங்கே கேட்கவே இல்லை. அவனுக்கு என்மேல் இருக்கிறது. வாசலில் வைத்து மதினியிடம் நான் சொன்னது. நாலு பேர் கேட்கச் சொன்னது.

மூன்று தடவை போனை எடுத்தேன்.

ஏப்ரல் 16

பயம்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன், மத்தியானம்

போய்விட்டு வந்தேன். அண்ணன் வீட்டில் இல்லை. மதினி அரிசி களைந்துகொண்டிருந்தாள். "மதினி, அன்னைக்கு நான் பேசினது தப்பு" என்றேன். யோசித்து வைத்திருந்தது வேறு எதுவும் வாயில் வரவில்லை. அவள் கையை எடுக்கவில்லை, இன்னொரு தண்ணீர் விட்டுக் களைந்தாள். அப்புறம், "உக்காரு, காப்பி போடுதேன்" என்றாள்.

காப்பி குடித்தேன். அதைப்பற்றி இருவரும் மேற்கொண்டு பேசவில்லை. கிளம்பும்போது, "ஆறரைக்குத்தான ஆராதனை? அத்தைகிட்ட யார் இருப்பா?" என்று கேட்டாள்.

வெள்ளைச் சேலைக்கு இஸ்திரி போட வேண்டும். மணி மூன்றரை.