வலிப்பும் மாதவிடாயும்: மூன்று சுற்றுக் கொப்பி

"சுகயீன (மாதவிடாய்) நேரத்திலதான் வலிப்பு வருது" என்று கிளினிக்கில் வாயால் சொன்னால் போதாது. மூன்று மாதவிடாய்ச் சுற்றுக்காவது நாள் போட்ட கொப்பி வேண்டும். இரத்தம் பட்ட முதல் நாள் 1; முந்தின நாள் -1; பூச்சியம் கிடையாது. -3 எது என்பது இரத்தம் பட்ட பிறகுதான் தெரியும். ஆகவே வலிப்பு வந்த அன்றே திகதியை எழுதிவிட்டு, எண்ணைப் பிறகு பின்னோக்கிப் போடுங்கள். -3 முதல் 3 வரையான ஆறு நாட்களில், நாளொன்றுக்கான வலிப்பு மற்ற நாட்களைப்போல ஏறத்தாழ 1.7 மடங்குக்கு மேல் இருந்தால் ஓமோனில் சந்தேகம் விழும்.

காரணம் சூலகத்தில் தொடங்குகிறது. முட்டை வெளியேறிய பின் சுரக்கும் புரோஜெஸ்தரோனின் ஒரு பகுதி மூளையில் அலோபிரெக்னனோலோன் என்ற பொருளாக மாறி, நரம்பை அமைதிப்படுத்தும் சமிக்ஞையை வாங்கும் காபா ஏற்பிகளில் ஒட்டி, நரம்புகளுக்குப் பிரேக் போடுகிறது. 1941இல் ஆய்வாளர் ஹான்ஸ் செல்யே புரோஜெஸ்தரோன் ஏற்றிய எலிகள் மயங்கியே போயின. மாதவிடாய்க்குச் சற்று முன் இந்த ஓமோன் சட்டென்று விழ, பிரேக்கும் விடுபடுகிறது. ஈஸ்திரஜன் மறுபுறம் தூண்டிவிடுகிற ஆள். அது உச்சத்துக்குப் போகும் சுற்றின் நடுப்பகுதியிலும் சிலருக்கு வலிப்புக் கூடும்.

கொப்பி பிழைப்பது பெரும்பாலும் கிளினிக்குக்கு முதல்நாள் இரவு, ஞாபகத்திலிருந்து நிரப்பும்போது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு இரவிரவாக விழித்திருந்ததையும், விரதமென்று குளிசையை விட்டதையும், காய்ச்சலையும் பக்கத்தில் எழுத வேண்டும். இவையும் வலிப்பைக் கிளப்பும். எழுதாவிட்டால் பழி ஓமோனில் விழும். வீட்டுக் கலண்டரில் மாதவிடாய் குறிக்கக் கூச்சமென்றால் ஒரு புள்ளி போதும்.

முட்டை வெளியேறியதா என்று பார்க்கும் புரோஜெஸ்தரோன் இரத்தப் பரிசோதனை 28 நாள் சுற்றில் 21ஆம் நாளளவில். 35 நாள் சுற்றென்றால் 28ஆம் நாள்: அடுத்த மாதவிடாய்க்கு ஒரு கிழமை முன் என்பதே கணக்கு. நாள் மாறினால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

மூளையின் மின் அலையைப் பதியும் ஈ.ஈ.ஜி. பரிசோதனைக்கு முதல்நாள் சம்பூ போட்டு முழுகி, எண்ணெய் வைக்காமல் போங்கள். மூளை அலை ஒரு வோல்ற்றின் பத்து இலட்சத்தில் சில பத்துப் பங்குதான். எண்ணெய்ப் படலத்தில் மின்வாய் சரியாகப் பிடிக்காது. சொல்லாமல் குளிசையை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. ஒருமுறை நோமல் என்று வந்தாலும் வலிப்பு நோய் இல்லையென்று ஆகாது.

காபமசெப்பின், பெனிற்றோயின் ஆகிய வலிப்பு மருந்துகளைக் குடிப்பவர்கள் அதைக் குடும்பநல மாதுவிடமும் சொல்ல வேண்டும். கருத்தடைக் குளிசையிலுள்ள ஓமோனை இந்த மருந்துகள் ஈரலில் விரைவாக அழிக்க வைக்கும். குளிசை தவறாமல் குடித்தும் கரு தங்கலாம்.