தம்பியோட கேம் அக்கவுண்ட் போய் திரும்ப வந்த கதை: பாஸ்வேர்ட மாத்துறதுக்கு முன்னாடி செஞ்ச வேலைகள்

கேம் அக்கவுண்ட் ஹேக் ஆயிடுச்சுன்னா எல்லாரும் முதல்ல சொல்றது "பாஸ்வேர்ட மாத்து"ன்னு தான். என் தம்பி அக்கவுண்ட் போனப்போ நானும் அவனும் உக்காந்து அத மீட்டதுல எனக்கு நல்லா புரிஞ்ச விஷயம், அது நாலாவதா அஞ்சாவதா செய்ய வேண்டிய வேலை. அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியத விட்டுட்டு மாத்துனா புது பாஸ்வேர்டும் திருடனவன் கைக்கே போகும். இப்போ அக்கவுண்ட பறிகொடுத்துட்டு என்ன பண்றதுன்னு தெரியாம இருக்கறவங்களுக்காக எழுதுறேன், கொஞ்சம் நீளம் தான், பொறுமையா படிங்க.

அவன் ஃப்ரெண்ட்ஸ் தான் முதல்ல கண்டுபிடிச்சாங்க. "என்னடா ஏதோ டீமுக்கு ஓட்டு போட சொல்லி லிங்க் அனுப்பிட்டே இருக்க"ன்னு கேட்டிருக்காங்க, இவன் எதுவும் அனுப்பல. லாகின் பண்ணா பாஸ்வேர்ட் தப்புன்னு வருது, ஃபர்காட் பாஸ்வேர்ட் அமுக்குனா மெயில் வரல, ஸ்பேம்லயும் இல்ல. "அக்கா, சர்வர் டவுன் போல, மெயிலே வர மாட்டேங்குது"ன்னு சொல்லிட்டு திரும்ப திரும்ப அதயே அமுக்கிட்டு இருந்தான். நான் கேம விடு, மெயில் செட்டிங்ஸ திற, ஃபில்டர் எங்க இருக்குன்னு பாருன்னேன்.

அங்க அவன் போடாத ஒரு ஃபில்டர் இருந்துச்சு. அந்த கேம் கம்பெனி அட்ரஸ்ல இருந்து எது வந்தாலும் படிச்சதா மார்க் பண்ணி நேரா ட்ராஷுக்கு அனுப்புன்னு ஒரே வரி. ட்ராஷ திறந்தா வரிசையா எல்லாம் கிடக்கு: புது டிவைஸ்ல இருந்து லாகின், உங்க ஈமெயில் முகவரி மாத்தப்பட்டது, டூ ஃபேக்டர் (பாஸ்வேர்டுக்கு அப்புறம் ரெண்டாவதா கேக்கற பூட்டு) ஆன் செய்யப்பட்டது, ட்ரேட் (கேம் ஐட்டத்த அடுத்தவங்களுக்கு கைமாத்தறது) முடிஞ்சது. கம்பெனி ஒவ்வொரு தடவையும் ஒழுங்கா தகவல் சொல்லியிருக்கு, எதுவும் இவன் கண்ணுல படல. அக்கவுண்ட்ல இருந்த ஈமெயில திருடன் மாத்திட்டதால ரீசெட் மெயிலும் திருடனுக்கு தான் போயிட்டு இருந்திருக்கு. அப்போ தான் எங்களுக்கு பிடிபட்டுச்சு, போனது கேம் அக்கவுண்ட் மட்டும் இல்ல, மெயிலுக்குள்ளயே ஆள் வந்து உக்காந்திருக்கான்.

அதனால தான் சொல்றேன், மெயில் தான் வீட்டு சாவிக்கொத்து மாதிரி, மத்த எல்லா அக்கவுண்டுக்கும் ரீசெட் லிங்க் அங்க தான் வந்து விழுது, அது அடுத்தவன் கையில இருக்கற வரைக்கும் நீங்க வேற எத பூட்டுனாலும் பிரயோஜனம் இல்ல.

ஆனா மெயில தொடுறதுக்கும் முன்னாடி இன்னொன்னு இருக்கு, எந்த கம்ப்யூட்டர்ல உக்காந்து பண்றோம்ங்கறது. தம்பி மெஷின்ல அங்கங்க இருந்து இறக்குன கேம் மாட் (கேம மாத்தி அமைக்கற ஃபைல்), சீட் (குறுக்கு வழில ஜெயிக்க வைக்கற சாஃப்ட்வேர்) எல்லாம் நிறைய இருந்துச்சு. இந்த மாதிரி ஃபைல்ல இன்ஃபோஸ்டீலர்னு ஒரு வகை மால்வேர் ஒளிஞ்சு வரும், அது பிரவுசர்ல சேவ் பண்ணி வச்ச பாஸ்வேர்டையும் குக்கீயையும் (நீங்க லாகின் ஆயிருக்கறத ஞாபகம் வச்சுக்க சைட் பிரவுசர்ல போடற சின்ன தகவல்) அள்ளிட்டு போயிடும். குக்கீ போறது பாஸ்வேர்ட் போறத விட மோசம், ஏன்னா நீங்க ஏற்கனவே லாகின் ஆயி டூ ஃபேக்டரும் தாண்டுன செஷன் அதுல இருக்கு, அத திருடன் தன்னோட பிரவுசர்ல போட்டா ஓடிபி எதுவும் கேக்காமலே உள்ள போயிடலாம். அதனால அந்த மெஷின நெட்ல இருந்து பிடுங்கிட்டு எல்லாத்தையும் என் லேப்டாப்ல பண்ணோம், அதுக்கு அப்புறம் தான் அவன் மெஷின முழுசா அழிச்சு விண்டோஸ புதுசா போட்டான். ஆன்டிவைரஸ் ஸ்கேன் பண்ணி ஒன்னும் இல்லன்னு வந்தா போதும்னு சிலர் சொல்வாங்க, நான் அத நம்ப மாட்டேன்.

என் லேப்டாப்ல அவன் மெயில திறந்து ஃபில்டர தூக்குனோம், வேற அட்ரஸுக்கு ஃபார்வர்ட் போகுதான்னு பாத்தோம், ரெகவரி நம்பரும் ரெகவரி மெயிலும் அவனோடது தானான்னு பாத்தோம், லாகின் ஆன டிவைஸ் லிஸ்ட்ல தெரியாத ஒன்னு இருந்துச்சு, எல்லா டிவைஸ்லயும் லாக் அவுட் பண்ணிட்டு பாஸ்வேர்ட மாத்தி டூ ஃபேக்டர் போட்டோம். எல்லா சைட்லயும் பாஸ்வேர்ட் மாத்துனதும் பழைய செஷன் தானா சாகாது, சில இடத்துல நீங்களே வெளிய தள்ளணும், அதனால ரெண்டையும் சேத்து பண்ணிடுங்க.

எப்படி போச்சுன்னு தெரிஞ்சுக்க ஹேவ் ஐ பீன் போன்ட் சைட்ல அவன் மெயில் ஐடிய போட்டு பாத்தோம். ட்ராய் ஹன்ட்னு ஒரு பாதுகாப்பு நிபுணர் 2013ல ஆரம்பிச்சது, லீக் ஆன டேட்டால உங்க ஐடி இருக்கான்னு சொல்லும். அவன் எப்பவோ விளையாடிட்டு மறந்து போன ஒரு சின்ன கேம் சைட் அதுல வந்துச்சு, அங்கயும் மெயில்லயும் ஒரே பாஸ்வேர்ட். இது தான் கிரெடென்ஷியல் ஸ்டஃபிங், ஒரு எடத்துல லீக் ஆன ஐடி பாஸ்வேர்ட் ஜோடிய எடுத்து மத்த நூறு சைட்ல புரோகிராம் வச்சு போட்டு பாக்கறது. பாஸ்வேர்டயும் அந்த சைட்ல சோதிக்கலாம், அத முழுசா அனுப்பாது, உங்க பாஸ்வேர்டோட எஸ்ஹெச்ஏ-1 ஹேஷ்ல (பாஸ்வேர்ட திரும்ப கண்டுபிடிக்க முடியாத மாதிரி கணக்கு போட்டு மாத்துன எழுத்து வரிசை) முதல் 5 எழுத்து மட்டும் தான் போகும், அந்த 5 எழுத்துல ஆரம்பிக்கற லிஸ்ட் மொத்தமும் திரும்பி வரும், பொருந்துதான்னு உங்க பிரவுசர்லயே பாத்துக்கும். இத கேட்டதுக்கு அப்புறம் தான் தம்பி அதுல பழைய பாஸ்வேர்டயே போட்டான்.

"பெரிய சைட்ல எல்லாம் பாஸ்வேர்ட என்க்ரிப்ட் பண்ணி தானே அக்கா வச்சிருப்பாங்க"ன்னு கேட்டான். நியாயமான கேள்வி. 2009ல ராக்யூன்னு ஒரு கம்பெனி, சோஷியல் மீடியாவுக்கு ஆப்பும் கேமும் செஞ்சவங்க, 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்ட அப்படியே படிக்கற மாதிரி வச்சிருந்து மொத்தமா போச்சு, அதுல அதிகம் பேர் வச்சிருந்தது 123456. அந்த லிஸ்ட் இன்னிக்கும் பாஸ்வேர்ட் உடைக்கறவங்க முதல்ல எடுக்கற லிஸ்ட்ல ஒன்னு. இப்போ ஹேஷ் பண்ணி தான் வைக்கறாங்க, ஆனா எந்த ஹேஷுங்கறது முக்கியம், பழைய எம்டி5 மாதிரி வேகமானதா இருந்தா ஒரு நல்ல கேமிங் கிராபிக்ஸ் கார்டே நொடிக்கு ஆயிரக்கணக்கான கோடி தடவை ஊகிச்சு பாத்துடும், பிகிரிப்ட் மாதிரி வேணும்னே மெதுவா ஓடுற மாதிரி செஞ்ச ஹேஷ், ஆளுக்கு ஒரு சால்டோட (ஒவ்வொருத்தர் பாஸ்வேர்டோடயும் சேக்கற தனித்தனி எழுத்துக்கள்) இருந்தா தான் உடைக்கறவன் திணறுவான். ஒரு சைட் எப்படி வச்சிருக்குன்னு வெளிய இருந்து நமக்கு தெரியாது, அதனால எல்லாமே ஒரு நாள் லீக் ஆகும்னு வச்சுக்கிட்டு தான் பாஸ்வேர்ட் போடணும்.

தம்பியோட பாஸ்வேர்ட் ஒரு கேம் கேரக்டர் பேரு, முதல் எழுத்து பெருசு, நடுவுல a-க்கு பதிலா @ குறி, கடைசில பொறந்த வருஷம், ஒரு ஆச்சரியக்குறி. சைட்ல ஸ்ட்ராங்குன்னு பச்சையா தான் காட்டும். ஆனா இந்த மாத்தங்கள் அத்தனையும் உடைக்கற சாஃப்ட்வேர்ல ரூலாவே இருக்கு, மனுஷன் யோசிக்கற தந்திரம் எல்லாருக்கும் ஒன்னு தான். அமெரிக்க தரநிலை நிறுவனம் நிஸ்ட் கூட 2017ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல இந்த பெரிய எழுத்து, நம்பர், குறின்னு கட்டாயப்படுத்தறதையும், காரணமில்லாம அப்பப்போ மாத்த சொல்றதையும் வேண்டாம்னுட்டு நீளமா இருக்கட்டும், லீக் லிஸ்ட்ல இருக்கான்னு பாருங்கன்னு சொல்லிடுச்சு.

அடுத்து சப்போர்ட். இது தான் ரொம்ப சோதிச்சுச்சு. அக்கவுண்ட்ல இருக்கற ஈமெயில் இப்போ அவனோடது இல்ல, டூ ஃபேக்டர் திருடனோட போன்ல இருக்கு, இந்த நிலைமைல நாங்க தான் ஓனர்னு எப்படி நிரூபிக்கறது? உதவுனது பழைய ரசீது. முதல் தடவை வாங்குன கேமோட ஆர்டர் நம்பர், கார்டோட கடைசி 4 இலக்கம், அக்கவுண்ட் ஆரம்பிச்ச தோராயமான மாசம், முதல்ல வச்சிருந்த யூசர்நேம், ஈமெயில் மாத்தப்பட்டதுன்னு வந்த மெயிலோட தேதி நேரம். ட்ராஷ் தானா காலி ஆகறதுக்குள்ள அந்த மெயில் எல்லாத்தயும் எடுத்து தனி ஃபோல்டர்ல போட்டு வச்சோம், இத மட்டும் யாரும் மறந்துடாதீங்க. ஒரே டிக்கெட்ல (சப்போர்ட்டுக்கு அனுப்புற புகார்) எல்லாத்தயும் தெளிவா எழுதுங்க, பதில் வரலன்னு புதுசு புதுசா டிக்கெட் போட்டா எது எதோட சேருதுன்னு அவங்களுக்கே குழம்பும். முழு கார்டு நம்பரோ பாஸ்வேர்டோ எந்த சப்போர்ட்டும் கேக்காது, கேட்டா அது சப்போர்ட்டே இல்ல.

அவன் ஒரு கேமர் குரூப்ல புலம்பி எழுதுனதும் உடனே ரெண்டு பேர் இன்பாக்ஸுக்கு வந்தாங்க, "எனக்கும் இப்படி ஆச்சு ப்ரோ, ஒருத்தர் மீட்டு குடுத்தாரு, அவர கேளு"ன்னு. காசு வாங்கிட்டு மறைஞ்சு போற ஆளுங்க இவங்க, பறிகொடுத்த பதட்டத்துல இருக்கறவங்களயே குறி வைப்பாங்க, இத நினைச்சா எனக்கு இன்னும் கோவம் வருது. அந்த கம்பெனியோட சப்போர்ட் பக்கத்த தவிர வேற வழி கிடையாது.

அக்கவுண்ட் திரும்ப வந்த அன்னிக்கு அவன் சந்தோஷத்துல நேரா கேமுக்குள்ள போக பாத்தான், நான் விடல. ஸ்டீம் மாதிரி கேம் விக்கற இடத்துல ஏபிஐ கீன்னு ஒன்னு இருக்கு, ஒரு புரோகிராம் உங்க அக்கவுண்ட் பேர்ல வேலை செய்யறதுக்கான சாவி, திருடன் உங்க அக்கவுண்ட் பேர்ல அத பதிவு பண்ணி வச்சிருந்தா நீங்க பாஸ்வேர்ட மாத்துனதுக்கு அப்புறமும் உங்க ட்ரேட கவனிச்சு, ஃப்ரெண்டுக்கு அனுப்புற ட்ரேட கேன்சல் பண்ணிட்டு அதே பேரு படத்தோட போலி அக்கவுண்ட்ல இருந்து ஒன்ன அனுப்புவான். 2015 கடைசில ஸ்டீம நடத்துற வால்வ் கம்பெனியே மாசத்துக்கு சுமார் 77,000 அக்கவுண்ட் பறிபோகுதுன்னு சொல்லியிருக்கு, அக்கவுண்ட் போறது ஏதோ அபூர்வம்னு நினைக்காதீங்க. அதனால தெரியாத கீ இருக்கான்னு பாத்தோம், கேமோட இணைச்சிருந்த சேட், ஸ்ட்ரீமிங் அக்கவுண்ட் எல்லாத்தயும் கழட்டி திரும்ப சேத்தோம், சேவ் பண்ண கார்ட எடுத்துட்டோம்.

எல்லா பாஸ்வேர்டயும் பூட்டி வச்சு தானே நிரப்புற பாஸ்வேர்ட் மேனேஜர் ஒன்னு போட்டோம், அதோட மெயின் பாஸ்வேர்ட பகடை உருட்டி எடுத்தோம். டைஸ்வேர்னு பேரு, 5 தடவை உருட்டுனா வர நம்பருக்கு லிஸ்ட்ல ஒரு வார்த்தை இருக்கும், மொத்தம் 7,776 வார்த்தை, அப்படி 6 வார்த்தை எடுத்தா போதும். மேஜைல உக்காந்து அவன் உருட்ட நான் வார்த்தைய தேடி சொன்னேன், நடுவுல ஒரு வார்த்தை பிடிக்கலன்னு மாத்த பாத்தான், மாத்த கூடாது, நமக்கு பிடிச்சத பொறுக்க ஆரம்பிச்சா அது தற்செயல் இல்லாம போயிடும். திரும்ப திரும்ப சொல்லி பாத்து ஒரே நாள்ல மனப்பாடம் ஆயிடுச்சு. மத்த பாஸ்வேர்ட் எதுவும் அவனுக்கே தெரியாது, மேனேஜர் தான் போடும். இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது, போலி சைட்ல மேனேஜர் தானா நிரப்பாது, அட்ரஸ் பொருந்தலன்னா சும்மா இருக்கும், எப்பவும் நிரப்புறது இன்னிக்கு நிரப்பலன்னா அங்கயே நின்னுடணும். அந்த ஓட்டு போடுற லிங்க்ல லாகின்னு ஒரு குட்டி விண்டோ திறக்குமே, மேல அட்ரஸ் பார்லாம் சரியா இருக்கும், அத மவுஸால பிடிச்சு பிரவுசருக்கு வெளிய இழுத்து பாருங்க, வெளிய வரலன்னா அது நிஜ விண்டோ இல்ல, பக்கத்துக்குள்ள வரைஞ்ச படம்.

டூ ஃபேக்டருக்கு எஸ்எம்எஸ் வேண்டாம்னு கோட் காட்டற ஆப் ஒன்ன போன்ல போட்டோம், சிம் ஸ்வாப் பண்ணி, அதாவது போன் கம்பெனிய ஏமாத்தி உங்க நம்பர வேற சிம்முக்கு மாத்தி எடுத்துட்டா எஸ்எம்எஸ்ஸும் திருடனுக்கு தான் போகும். ஆப்ல வர 6 இலக்கம் போன்ல இருக்கற ரகசிய கீயையும் அப்போதைய நேரத்தயும் வச்சு 30 நொடிக்கு ஒன்னா கணக்கு போட்டு வரது, நெட் இல்லாமலும் வேலை செய்யும். ஆனா அந்த இலக்கத்தயும் போலி பக்கத்துல அடிச்சா போச்சு தான், அதனால பாஸ்கீ (பாஸ்வேர்டுக்கு பதிலா போன்லயோ கம்ப்யூட்டர்லயோ இருக்கற சாவி, நிஜ சைட்ல மட்டும் தான் வேலை செய்யும்) குடுக்கற இடத்துல எல்லாம் பாஸ்கீக்கு மாறிட்டோம். போன் தொலைஞ்சா உள்ள போக உதவுற ரெகவரி கோட ரெண்டு தாள்ல எழுதி ஒன்னு என்கிட்ட, ஒன்னு அவன்கிட்ட.

ட்ரேட்ல போன ஐட்டம் திரும்ப வரல, அது கம்பெனி பாலிசின்னு சொல்லிட்டாங்க, கேமும் லெவலும் மட்டும் வந்துச்சு. பழைய பாஸ்வேர்ட் இருந்த சைட் எல்லாத்தயும் லிஸ்ட் போட்டு மெயில், பேங்க், ஷாப்பிங்னு வரிசையா மாத்திட்டு வரோம், லீக் ஆன அந்த சின்ன கேம் சைட்ல மட்டும் அக்கவுண்ட டெலீட் பண்ண பட்டனே இல்ல, அழிச்சுடுங்கன்னு மெயில் போட்டிருக்கோம், பதில் வரல.