அழைத்தது யார்?

மெய்ப்புப் பார்க்கும்போது என் பென்சில் அதிகம் தயங்கி நிற்பது எழுத்துப் பிழையில் அல்ல, பெயரெச்சத்தில். ‘அழைத்த நண்பர் வரவில்லை’ என்றால், அழைத்தவர் அந்த நண்பரா, அல்லது அவரை வேறொருவர் அழைத்தாரா? இலக்கணப்படி இரண்டும் சரி. முந்தைய வரியில் திருமணம் இருந்தால் ஒரு பொருள், தொலைபேசி ஒலித்திருந்தால் இன்னொரு பொருள்.

சொல்லளவில் இதே சிக்கலைத் தொல்காப்பியம் பேசுகிறது. பலபொருள் ஒருசொல் வினையாலும், உடன் வரும் இனச்சொல்லாலும், சூழலின் சார்பாலும் தெளியும் என்கிறது அந்நூலின் கிளவியாக்கம் என்னும் இயல். உரையாசிரியர்கள் ‘மா’ என்ற சொல்லைக் காட்டுவார்கள். ‘மா பூத்தது’ என்றால் மரம். ‘மா ஓடிற்று’ என்றால் விலங்கு. ‘மா வீழ்ந்தது’ என்றால்? வினை இங்கே கைவிட்டுவிடுகிறது. அப்போது ‘மாமரம்’ என்று தெரித்துச் சொல்வது சொல்பவரின் கடமை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கேட்பவர் ஊகித்துக்கொள்ளட்டும் என்று அந்த இலக்கணம் விட்டுவிடவில்லை!

சிலேடைப் பாட்டில் இரு பொருள் அழகு. ஒப்பந்தத்தில் அப்படியல்ல. ‘பழைய வீடும் கடையும்’ என்று எழுதினால் கடையும் பழையதா என்ற கேள்வி எழும். ‘கடையும் பழைய வீடும்’ என்று இடம் மாற்றினாலே போதும், அந்தக் கேள்வி எழாது.