நூல் பிடித்துப் படித்த ஆண்டெனா அணி

முதுநிலைத் திட்டப்பணியின் வாய்மொழித் தேர்வில் என்னைக் கவிழ்த்தது ஒரே கேள்வி: "பொருள் உன் எட்டு ஆண்டெனாக்களுக்கு ஒரு மீட்டர் முன்னால் இருந்தால்?" வரிசையாக நிற்கும் ஆண்டெனாக்களுக்கு (ஆண்டெனா அணி) அலை எந்தக் கோணத்தில் வருகிறது என்று கண்டுபிடிக்கும் மியூசிக் (MUSIC) என்ற கணக்கு முறையைத் தூக்கத்திலும் ஒப்பிப்பேன், அதையே ஒப்பித்தேன். அலை தட்டையாக வருகிறது என்று எடுத்துக்கொண்டுதான் நான் படித்த சூத்திரம் நிற்கிறது என்பது உறைக்கவில்லை.

மறுதேர்வுக்கு முன் கோத்தகிரி வீட்டில் மழையில் அடைந்து கிடந்தேன். புத்தகத்தை மூடிவிட்டுத் தரையில் சாக்பீஸால் எட்டுப் புள்ளிகள் வைத்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 செ.மீ.; புள்ளிகளின் இடைவெளி அதில் பாதி. நடுவுக்கு நேரே ஒரு மீட்டரில் ஆணி அடித்து நூல் இழுத்தேன். (சிமெண்ட் தரையில் ஆணி. அம்மா இன்னும் மன்னிக்கவில்லை.) நடுவுக்குப் பிடித்த நூலைவிட ஓரப் புள்ளிக்கான நூல் சுமார் 2.4 செ.மீ. நீளம், கட்ட வேறுபாடு, அதாவது அலையின் ஏற்ற இறக்கத்தில் ஏற்படும் பிந்தல், ஏறக்குறைய 68 பாகை (ஒரு முழு அலை 360 பாகை). நேர் எதிரே உள்ள பொருளுக்கு எட்டும் ஒரே கட்டம் காட்டும் என்று எழுதியிருந்தவன் நான்!

பக்கத்திலிருந்து வரும் அலை தட்டையாக இல்லை, வளைந்து வருகிறது; அந்த வளைவில்தான் தொலைவு ஒளிந்திருக்கிறது. ஆணியை 10 செ.மீ. பின்னால் நகர்த்தினால் நூல் வேறுபாடு 2 மி.மீ. மாறும். மூன்று மீட்டரில் அதே 10 செ.மீ. நகர்வுக்குக் கால் மி.மீ.தான். கோணம் சரியாக வந்தும் தொலைவு மட்டும் ஏன் தடுமாறுகிறது என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

எந்தத் தொலைவுக்கு அப்பால் அலையைத் தட்டை என்று எடுத்துக்கொள்ளலாம்? அந்த எல்லையைக் கணக்கிட, அணி நீளத்தின் வர்க்கத்தை இரட்டித்து அலைநீளத்தால் வகுக்க வேண்டும். எட்டு ஆண்டெனாவுக்கு 3 மீட்டர், பதினாறுக்கு 14. ஆண்டெனாவைக் கூட்டக் கூட்ட, தூரத்துப் பொருளும் 'பக்கத்துப் பொருள்' ஆகிவிடும். ஊட்டிக்கு அருகே முத்தோரையில் 1970 முதல் நிற்கும் ரேடியோ தொலைநோக்கிக்கும் போட்டுப் பார்த்தேன். 530 மீட்டர் நீளம், 1056 இருமுனை ஆண்டெனாக்கள், அலைநீளம் 92 செ.மீ. விடை 610 கிலோமீட்டர்! அதன் கணக்கில் சென்னையும் பக்கத்து வீடுதான்.

நிரல் எழுதுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கோணம், தொலைவு இரண்டையும் சேர்த்துத் தேடுவதால் கணினி நேரம் இழுக்கும், அவ்வளவுதான்.

மறுதேர்வில் கேள்வி மாறியிருந்தது: "ஒரே கோணத்தில், வேறு தொலைவுகளில் இரண்டு பொருள்கள் இருந்தால்?" பையிலிருந்து நூற்கண்டை எடுத்தேன்.