பிளானிங் மறுத்துவிட்டார்களா? அப்பீல் போடுங்கள்

லண்டனில் நம் ஆட்கள் பலர், வீட்டை நீட்டிக் கட்டும் எக்ஸ்டென்ஷனுக்கு பிளானிங், அதாவது கட்ட அனுமதி, கேட்டு உள்ளூர் கவுன்சில் ஒருமுறை முடியாது என்றால் அதோடு விட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் பிளானைக் கொஞ்சம் சுருக்கி மறுபடி விண்ணப்பிக்கிறார்கள். முன்பெல்லாம் ஒரு வருஷத்துக்குள் திரும்பப் போட்டால் காசு கேட்க மாட்டார்கள். அந்தச் சலுகையை 2023 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள், 2025 ஏப்ரலில் விண்ணப்பக் கட்டணத்தையும் 528 பவுண்டாக உயர்த்தினார்கள். ஆனால் அப்பீலுக்குக் கட்டணமே கிடையாது! இது பலருக்குத் தெரியாமலே இருப்பதுதான் எனக்கு ஆற்றாமை. (நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும், ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் வேறு.)

எங்களுடையது ஒரு செமி, அதாவது ஒரு பக்கம் மட்டும் அடுத்த வீட்டோடு ஒட்டியிருக்கும் வீடு. மாமியாரால் படியேற முடியாமல் போனதால் கீழேயே ஒரு படுக்கையறையும் குளியலறையும் தேவைப்பட்டது. பக்கவாட்டில் தொடங்கிப் பின்பக்கம் வரை வளைத்து, தோட்டத்துக்குள் நாலரை மீட்டர் நீட்டி, தரைத்தளம் மட்டும் கட்டக் கேட்டோம். ஒட்டியிருக்கும் வீட்டுக்காரர்களின் வெளிச்சம் கெடும், அவர்களுக்கு அடைத்த மாதிரி இருக்கும் என்று மறுத்துவிட்டார்கள்.

மறுப்புக் கடிதத்தில் காரணம் ஒரு பத்திக்குமேல் இல்லை. உண்மையான விஷயம் கவுன்சிலின் பிளானிங் அதிகாரி எழுதிய அறிக்கையில்தான் இருக்கிறது, அதைக் கவுன்சிலின் தளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டு நாமேதான் தேடி எடுக்க வேண்டும். எங்கள் அறிக்கையில் வீட்டின் தோற்றம், தெருவின் அமைப்பு, பார்க்கிங் எதிலும் ஆட்சேபணை இல்லை என்று அவரே எழுதியிருந்தார். அப்படியானால் சண்டை பக்கத்து வீட்டின் பின்பக்க ஜன்னல் ஒன்றைப் பற்றி மட்டும்தான், வேறு எதையும் இழுக்கத் தேவையில்லை.

அதனால் எங்கள் அப்பீலில் இரண்டே வாதம். எங்கள் வீடு அவர்களுக்கு வடக்கே இருக்கிறது, எனவே நாள் பூராவும் நிழல் பெரும்பாலும் எங்கள் பக்கமேதான் விழும். அறிக்கையில் திசையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. இரண்டாவதுதான் பலமானது. எதையெல்லாம் பிளானிங் விண்ணப்பம் இல்லாமல் கட்டலாம் என்று சொல்லும் 2015 ஆம் ஆண்டு அரசு ஆணைப்படி, உயரம் முதலான நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஒரு செமியின் பின்னால் 3 மீட்டர் வரை யாரிடமும் விண்ணப்பிக்காமலே கட்டிக்கொள்ளலாம் (சில பகுதிகளில் கவுன்சில் இந்த உரிமையை எடுத்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்). அந்த 3 மீட்டர் எப்படியும் வரக்கூடியது, ஆகவே மிச்சமுள்ள ஒன்றரை மீட்டரால் பக்கத்து வீட்டுக்கு என்ன கெடுதல் என்பதை மட்டும் எடை போடுங்கள் என்று கேட்டோம்.

மாமியாரின் உடல்நிலையை இரண்டு வரியில் கடைசியில் வைத்தோம். மனசு கேட்கவில்லைதான், ஆனால் ஆள் மாறினாலும் கட்டடம் நிற்கும் என்பதால் குடும்பக் காரணங்களுக்குப் பொதுவாக அதிக மதிப்புக் கிடைப்பதில்லை. அதேபோல, தங்கள் வீட்டின் விலை குறையும் என்று அயலவர் எழுதியிருந்தாலும் கவலைப்படாதீர்கள், அது கணக்கில் வராது.

மறுப்புக் கடிதத்தில் உள்ள தேதியில் இருந்து 12 வாரங்களுக்குள் அப்பீல் போய்ச் சேர வேண்டும். வீட்டு விண்ணப்பங்களுக்கு ஒரே வாய்ப்புதான், முதலில் அனுப்பும் வாதத்தோடு சரி, பின்னால் எதையும் சேர்க்க விடமாட்டார்கள். முடிவு செய்வது கவுன்சில் இல்லை, இந்த அப்பீல்களை விசாரிக்கும் அரசு அமைப்பான பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டின் இன்ஸ்பெக்டர். எங்கள் வீட்டுக்கு வந்தவர் எங்கள் தோட்டத்தையும் பக்கத்துத் தோட்டத்தையும் பார்த்துவிட்டுப் போனார், அந்த நேரத்தில் வாதம் பேச அனுமதி இல்லை.

எங்கள் அப்பீலை இன்ஸ்பெக்டர் ஏற்றுக்கொண்டார். 3 வருஷத்துக்குள் வேலையைத் தொடங்க வேண்டும், வரைபடத்தின்படியே கட்ட வேண்டும், செங்கல் பழைய சுவரோடு ஒத்துப்போக வேண்டும் என்ற வழக்கமான நிபந்தனைகள்தான். பில்டிங் கன்ட்ரோல் என்கிற கட்டடத் தரச் சோதனையும், பொதுச்சுவருக்கான 1996 சட்டப்படி பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் நோட்டீஸும் இதில் அடங்காது, அவற்றைத் தனியாகச் செய்ய வேண்டும். இப்போது அந்த நோட்டீஸைத்தான் தயார் செய்துகொண்டிருக்கிறோம்.