வளவைத் தாண்டாத வைஃபை

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பில் நின்றால் பட்டாலை, நடுமுற்றமுள்ள வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வாசல்கள் ஒரே கோட்டில் போவது தெரியும். இன்டர்நெட் லைன் முன்தெருவிலிருந்து வருவதால் ரூட்டர் முகப்பறையில் இருக்கிறது. நான் பலகாரம் போடுவது கடைசிக் கட்டில். மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம் என்று கேட்டு வரும் ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. பணம் வந்துவிட்டதா என்று பார்ப்பதும் போனில்தான். அங்கே மொபைல் சிக்னல் ஒரு கோடு காட்டினாலே பெரிது. அதனால் வைஃபை நின்றால் எனக்குத் தொழில் நிற்கும்.

இந்தக் கோடை முழுக்க அது நின்று நின்றுதான் ஓடியது. லைன் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சுவரைத்தான் கை காட்டினார்கள். "ஆச்சி, இது சுண்ணாம்புச் சுவரு. இந்தத் தடிமனுக்கு இந்த ரூட்டர் பத்தாது. பெரிய மாடலா வாங்கிப் போடுங்க" என்றார் ஒரு தம்பி.

சுவர் தடுப்பது உண்மைதான். தடித்த செங்கல் கட்டு, மேலே கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. பட்டாலையில் ஆளுயரப் பெல்ஜியம் கண்ணாடிகள் வேறு. அவற்றின் பின்பக்க ரசப்பூச்சு உலோகம் என்பதால் ரேடியோ அலையைத் திருப்பி அடித்துவிடும். ஆனால் ரூட்டருக்கு நாலடி தள்ளிச் சாய்வு நாற்காலியில் இருக்கும் எங்கள் அப்பச்சிக்கும் சாயந்திரம் ஆனால் சிங்கப்பூர்ப் பேரன் முகம் திரையில் உறைந்து நின்றுவிடுகிறது. அவருக்கும் ரூட்டருக்கும் நடுவில் எந்தச் சுவரும் இல்லை. அப்பச்சிக்கு வயது எண்பத்தாறு. பேரனோடு பேசும் அந்த அரை மணி நேரத்துக்காகவே வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு காத்திருப்பார். அதைப் பார்த்த பிறகுதான், இதை விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

பெங்களூரில் நெட்வொர்க் வேலையில் இருக்கும் அண்ணன் மகன் போனில் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது. "அயித்தை, நெட் நின்னா உடனே அணைச்சுப் போடாதீங்க. முதல்ல விளக்கைப் பாருங்க. அப்புறம் பிரவுசர்ல 192.168.1.1 அடிங்க." எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியே ஃபைபர் எங்கோ வளைந்திருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது, அது கம்பெனிக்காரர் வேலை. எங்கள் வீட்டில் அது ஒரு நாளும் சிவக்கவில்லை. அடுத்தது அந்த எண். அது ரூட்டரின் சொந்தப் பக்கம். திறக்க வெளி லைனே தேவையில்லை. நெட் நின்ற நேரத்தில் லேப்டாப்பை லேன் கேபிளால் ரூட்டரில் நேராகச் செருகி அடித்துப் பார்த்தேன். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. காற்றில் போகும் அலையே இல்லை, கம்பியில் கேட்டும் பதில் இல்லை என்றால் கோளாறு ரூட்டரிலேயே இருக்கிறது. சுவர் மேல் போட்ட பழி அன்றோடு தீர்ந்தது.

ரூட்டரை வைத்திருந்தது சுவர்ப் பிறையில், பார்வைக்கு நன்றாக இருக்க ஒரு துணித் திரையும் போட்டு. சித்திரை வெயிலில் அதன் மேல் கை வைக்க முடியவில்லை. திரையை எடுத்து, வெளியே காற்றோட்டமாக மர ஸ்டாண்டில் வைத்ததும் பாதித் தொல்லை குறைந்தது. மீதி அடாப்டரில். எல்லா விளக்கும் ஒரு நொடி அணைந்து மறுபடி வரிசையாக எரிவதை அப்பச்சிதான் கவனித்துச் சொன்னார். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அடாப்டர் வயரை ஓரிடத்தில் சீவி மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். சும்மா இருக்கும்போது 12 வோல்ட். வீட்டில் எல்லோரும் வீடியோ ஓட்டியதும் 10-க்குக் கீழே இறங்கியது. உள்ளே இருக்கும் கண்டென்சர் சூட்டில் காய்ந்துபோனால் இப்படித்தான் ஆகுமாம். புது அடாப்டர் வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்காதீர்கள்: வோல்ட் பழையதில் எழுதியிருப்பதேதான் இருக்க வேண்டும்; ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது.

அதன் பிறகு முகப்பில் நெட் நிற்கவே இல்லை. அடுப்படிக்கு எட்டாததுதான் பாக்கி. அது சுவர் செய்யும் வேலையேதான். ரூட்டர் அனுப்பும் இரண்டு வகை அலைகளில் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை வளவோடு நின்றுவிடும், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் இரண்டாங்கட்டு வரை தட்டுத்தடுமாறி வரும். வைஃபையை நடுவில் வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் வைக்கலாம் என்றார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சாதாரண ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் வாங்கி, அதே ரேடியோவில் திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும். அதற்குப் பதில் அடுப்படி வரை லேன் கேபிளே இழுக்க நினைத்தேன்; அது 100 மீட்டர் வரை தாங்கும். எங்கள் வீடு எவ்வளவு நீளம் என்றாலும் அதற்குள் அடங்கும்.

சுவரில் துளை போட மட்டும் நான் சம்மதிக்கவில்லை. அந்தப் பூச்சு உதிர்ந்தால் அதே மாதிரி பூசித்தர ஆள் கிடைப்பது கஷ்டம். வாசல்களுக்கு மேலே காற்றுக்கு விட்ட கம்பிச் சந்துகள் வழியாகவே கேபிளைக் கொண்டுபோனோம். பழைய மரப் பட்டிக்குள் கரண்ட் வயரோடு சேர்த்து விடலாம் என்றார் எலக்ட்ரீஷியன். அது ஆபத்து, சிக்னலில் இரைச்சலும் ஏறும் என்று தடுத்துவிட்டேன். அடுப்படிப் பக்கம், பரணில் கிடந்த பழைய ரூட்டரை, கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகத் தரும் ஆக்சஸ் பாயிண்டாக மாற்றி வைத்தோம். போன்களுக்கு எண் கொடுக்கும் வேலையை முகப்பு ரூட்டரே பார்க்கும் என்பதால் இதில் டிஎச்சிபி என்ற அந்த வசதியை அணைத்து, இதன் எண்ணை 192.168.1.2 ஆக்கினோம்; அலைகள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க முகப்பில் சேனல் 1, அடுப்படியில் 11. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். எண்ணெய்ப் புகை படாமல், அடுப்புக்கு எதிர்ப்பக்கம் வைத்தோம்.

இப்போது சீடை வேகும்போதே ஆர்டருக்குப் பதில் போட்டுவிடுகிறேன். கரண்ட் போனாலும் நிற்காமல் இருக்க முகப்பில் 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கி வைத்தாயிற்று; அடுப்படிக்கு இன்னொன்று வாங்க வேண்டும். அடுத்து முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குப் பங்காளிகள் எல்லோரும் வந்து இறங்குவார்கள், ஆளுக்கு ஒரு போன். அவர்களுக்கு விருந்தினர் நெட்வொர்க் ஒன்றைத் தனிப் பாஸ்வேர்டில் போட்டு வைக்கப் போகிறேன். மேல்மாடிக்கு இரண்டாவது கேபிளை எந்தச் சந்து வழியாக ஏற்றுவது என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.